‘ங்க’ உதிரும் வேகம்

விடிகாலை ஐந்தேகால். கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் விளக்கு வெளிச்சம் மரக்கிளைகளில் சிக்கி, பாதிதான் தரைக்கு வந்து சேர்கிறது. எனக்கு முன்னால் மூன்று பேர் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பேசுவது எனக்குத் தெளிவாகவே கேட்கிறது.

“எத்தன ரவுண்டுங்ணா இன்னிக்கு?”

“நாலு போலாம்னு இருக்கறனுங்க. உங்களுக்கு முழங்கால் இப்பப் பரவாயில்லீங்களா?”

“அது இப்ப ஒண்ணும் தொந்தரவு இல்லீங்ணா. நல்லெண்ணெய் போட்டு நீவி உட்டுட்டு இருக்கறேன்.”

ஒரு ரவுண்டு சுமார் இரண்டரை கிலோமீட்டர். மூன்றாவது ரவுண்டில் யாரோ ஒருவர் வேகத்தைக் கூட்டிவிட்டார். இப்போது அதே மூவரின் பேச்சு இப்படி இருக்கிறது:

“முட்டி?”

“பரவால்ல.”

“போலாமா?”

“ம்.”

கொங்கு நாட்டுக்காரர் வாயிலிருந்து ‘ங்க’ உதிர்ந்தால் ஒன்று அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மூச்சு வாங்கியிருக்க வேண்டும். இந்த மூவருக்கும் கோபமில்லை. உடலியல் கூடங்களில் முகமூடி மாட்டி, டிரெட்மில்லில் ஓடவிட்டு, வாயுக்களை அளந்து கண்டுபிடிக்கும் ஓர் எல்லைக்கோட்டை அவர்கள் தாண்டிவிட்டார்கள். அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு மரியாதை விகுதி.

விஷயம் எளிது. பேச்சு வெளிமூச்சில் மட்டும்தான் பிறக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை மூச்சு விடுகிறார். வேகமாக ஓடும்போது அது 45ஐத் தொடும். அப்படியானால் ஒரு மூச்சுக்குக் கிடைப்பது ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேல். அதில் பாதி உள்ளிழுக்கவே போய்விடுகிறது. மிஞ்சுகிற அரை நொடி, முக்கால் நொடிக்குள் “முழங்கால் இப்பப் பரவாயில்லீங்களா” அடங்காது. “முட்டி?” அடங்கும்.

மூச்சு ஏன் அப்படி அவசரப்படுகிறது என்று கேட்டால் ஆக்சிஜன் போதவில்லை என்போம். பெரும்பாலும் அவசரம் கரியமில வாயுவை வெளியேற்றத்தான். ஒரு வேகத்துக்கு மேல் போனால் தசைகள் அமிலத்தை மிகுதியாக உண்டாக்குகின்றன. ரத்தத்திலுள்ள பைகார்பனேட் அதை முறிக்கிறது. அந்த வேதிவினையில் கூடுதல் கரியமில வாயு பிறக்கிறது. மூளைத்தண்டு அதை உணர்ந்து, வெளியே தள்ளு என்று நுரையீரலை விரட்டுகிறது. மூச்சின் அளவு திடீரென்று செங்குத்தாக ஏறும் இந்த இடத்துக்கு வென்டிலேட்டரி த்ரெஷோல்ட் என்று பெயர். பேசுவதென்றால் மூச்சை நிறுத்தி நிதானமாக விட வேண்டும். அதற்கு உடல் இப்போது சம்மதிக்காது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக லா கிராஸ் வளாகத்தில் கார்ல் ஃபாஸ்டர் என்ற உடலியல் அறிஞரின் குழு இந்தப் பேச்சுச் சோதனையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. ஓடுபவரைத் தம் நாட்டு உறுதிமொழியைச் சொல்லச் சொல்வார்கள். பிறகு “சௌகரியமாகப் பேச முடிகிறதா?” என்று ஒரே ஒரு கேள்வி. “முடிகிறது” என்று தயங்காமல் சொல்லும்வரை அவர் அந்த எல்லைக்கோட்டுக்குக் கீழே இருக்கிறார். தயங்கினால் கோட்டின் மேல். “முடியவில்லை” என்றால் தாண்டியாயிற்று. விலையுயர்ந்த கருவிகள் சொன்ன பதிலுக்கு மிக அருகிலேயே இந்தப் பதிலும் வந்தது. நம் ஊரில் உறுதிமொழிக்குப் பதில் தமிழ்த்தாய் வாழ்த்தை வைக்கலாமே என்று எனக்கு ஒருமுறை தோன்றியது. 55 நொடி, கச்சிதமான அளவு. ஆனால் அதைப் பாடும்போது எழுந்து நிற்க வேண்டும், ஓடக்கூடாது.

இந்தப் பேச்சுச் சோதனையை எங்கள் ஓட்டக் குழுவில் எல்லோரும் பட்டறைக்காரர் என்று கூப்பிடும் அண்ணனிடம் சொன்னேன். கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்து பம்புக்கு உதிரிபாகம் கடைகிறவர். மைக்ரான் கணக்கில் யோசிக்கும் மனிதர். “அப்ப ‘ங்க’ போற எடம்தானுங்க நம்ம கேஜு” என்றார். அன்றிலிருந்து அதுவே எங்கள் அளவுகோல்.

குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மெதுவாகவே ஓடிக்கொண்டிருந்தால் வேகம் எப்படிங்க வரும்? நியாயமான கேள்விதான். நானும் முதல் ஆறு மாதம் ஒவ்வொரு நாளும் நாக்குத் தள்ள ஓடியவன். எனக்கு வந்தது வேகமல்ல, கெண்டைக்காலில் ஓயாத வலி.

விடை எலிகளிடம் இருந்து வந்தது. 1967இல் ஜான் ஹொலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளை டிரெட்மில்லில் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி, ஒரு கட்டத்தில் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடவைத்தார். சும்மா இருந்த எலிகளின் தசையோடு ஓடிய எலிகளின் தசையை ஒப்பிட்டார். ஓடியவற்றின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறக்குறைய இரு மடங்கு ஆகியிருந்தது. உணவை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து ஆற்றலாக்கும் அடுப்புகள் அவை. அதுவரை, பயிற்சி என்றால் இதயமும் நுரையீரலும் பலப்படுவது என்றே பெரிதும் நினைத்திருந்தார்கள். கால்தசைக்குள்ளேயே புது அடுப்புகள் முளைக்கின்றன என்று அந்த எலிகள் காட்டின.

இந்த அடுப்புகள் முளைப்பதற்கு நீண்ட நேரம் ஓட வேண்டும். நீண்ட நேரம் ஓட வேண்டுமென்றால் மெதுவாக ஓட வேண்டும். அவ்வளவுதான். நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர், உலகத் தரத்துப் படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள், ஓட்டக்காரர்கள் ஆகியோரின் பயிற்சிக் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தார். அவர்களின் பயிற்சியில் ஏறத்தாழ 80 சதவீதம் சாவகாசமான வேகத்தில்தான் நடந்திருந்தது. அதாவது ‘ங்க’ போட்டுப் பேசும் வேகத்தில். அமெச்சூர்களான நாமோ சாவகாசமான நாளில் கொஞ்சம் கூடுதலாகவும், கடினமான நாளில் கொஞ்சம் குறைவாகவும் ஓடி, எல்லா நாளும் இரண்டும் கெட்டானாக முடிக்கிறோம். கூட ஓடுபவர் ஓரடி முன்னே போனால் நாமும் ஓரடி போட வேண்டும் என்ற ரோஷம்தான் இதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. ஊர்க்கதை பேசிக்கொண்டே ஓடும் கும்பலில் இந்த ரோஷம் குறைவு. கதை முடிய வேண்டுமே!

ஒரு டிசம்பர் மாதத்து அரை மாரத்தானில் நான் பட்ட பாடு இன்னொரு வகை. அதைச் சொல்லுமுன் கொஞ்சம் பின்னணி. கோவையில் மாரத்தான் என்ற சொல் 2013க்குப் பிறகுதான் வீட்டுக்கு வீடு புழங்கும் சொல்லாயிற்று. அந்த ஆண்டுதான் கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்கு நிதி திரட்டும் கோயம்புத்தூர் மாரத்தான் தொடங்கியது. பெயர் மாரத்தான் என்றாலும் பெருங்கூட்டம் ஓடுவது 21.1 கிலோமீட்டர், 10, 5 என்ற தூரங்களில்தான். முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டர் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஓடப்பட்டு, 1921இல் நிலைத்த கணக்கு. அதில் பாதி என்பதற்கு மேல் அரை மாரத்தானுக்குத் தனி வரலாறு எதுவுமில்லை. ஆனால் உடலியல் கண்ணோடு பார்த்தால் அந்தப் பாதி மிகப் பொருத்தமான இடத்தில் விழுந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சமதரையில் ஓட, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். என் எடை 72. அப்படியானால் 21.1 கிலோமீட்டருக்கு 1,519. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு நம்மிடம் இருக்கிறது. கிராமுக்கு 4 கிலோகலோரி வீதம் மொத்தம் 2,000. அரை மாரத்தானுக்கு இது தாங்கும். முழு மாரத்தானுக்கு 3,000க்கு மேல் வேண்டும், தாங்காது. முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் ‘சுவர்ல முட்டிட்டேன்’ என்று முழு மாரத்தான் ஓடியவர்கள் சொல்வது இந்த இருப்பு தீரும் இடத்தைத்தான். கொழுப்பு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது, என் வயிற்றிலேயே ஏராளமாக இருக்கிறது. ஆனால் அதே அளவு ஆக்சிஜனில் கொழுப்பு தருவது சர்க்கரை தருவதைவிடக் கொஞ்சம் குறைவு. வருகிற வேகமும் மந்தம். ரேஷன் கடை வரிசை மாதிரி, சரக்கு உள்ளே மூட்டை மூட்டையாக இருந்தாலும் கைக்கு வர நேரமாகும்.

இருப்பைக் கூட்ட ஒரு வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1966இல் ஸ்வீடனின் யோனஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் தங்களையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார்கள். ஒரே சைக்கிளின் இருபுறமும் இருவரும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும், கால் சோர்ந்துபோகும்வரை மிதித்தார்கள். மற்றக் கால் சும்மா கிடந்தது. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து உணவாகச் சாப்பிட்டு, ஊசி போன்ற கருவியால் இரு தொடைகளிலிருந்தும் துளித் தசை எடுத்துப் பார்த்தார்கள். உழைத்த காலில் மட்டும் கிளைக்கோஜன், சும்மா இருந்த காலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நிறைந்திருந்தது. சாப்பாடு இரு கால்களுக்கும் பொதுதான். ஆனாலும் வேலை செய்த கால் கூடுதலாக வாங்கிவைத்துக்கொண்டது. பந்தயத்துக்கு முந்தைய நாட்களில் மாவுச்சத்தை ஏற்றும் வழக்கம் இங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது.

வெளியூர்ப் புத்தகங்கள் இதற்கு பாஸ்தா தின்னச் சொல்கின்றன. எங்கள் குழுவில் முந்தின நாள் மதியம் அரிசிம்பருப்பு சாதம்தான். கொங்கு வீடுகளில் அவசரத்துக்கு ஆக்கும் சாப்பாடு அது. சின்ன வெங்காயம், பூண்டு, துவரம்பருப்பு, மேலே ஒரு கரண்டி நெய். இரவில் இட்லி. வயிறு பழகிய சாப்பாடு என்பது ஒரு பெரிய வசதி. ஏற்றிய ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைப்பதால் மறுநாள் காலையில் எடை ஒரு கிலோ கூடிக் காட்டும். பயப்பட ஒன்றுமில்லை.

நான் பட்ட பாட்டுக்கு வருகிறேன். அரிசிம்பருப்பும் உண்டு, இருப்பும் முழுசு. ஆனாலும் பதினாறாவது கிலோமீட்டரில் கால் கல்லாயிற்று. ஏன்? புறப்பட்ட இடத்தில் மேளம். இருட்டில் ஆயிரக்கணக்கான கால்கள். முதல் மூன்று கிலோமீட்டரை என் வேகத்தைவிட நாற்பது நொடி விரைவாக ஓடினேன். ‘ங்க’ இல்லை, ‘ம்’ கூட இல்லை. வேகம் கூடக்கூடத் தசை கொழுப்பை ஒதுக்கிவிட்டுச் சர்க்கரையையே கேட்கும். கிளைக்கோஜன் கரையும் வீதம் நேர்கோட்டில் கூடாது, தாவி ஏறும். உடம்பின் சூடும் கூடவே ஏறும். முதல் பதினைந்து நிமிடத்தில் கடன் வாங்கிவிட்டு, கடைசி ஐந்து கிலோமீட்டரில் வட்டி கட்டினேன். பட்டறைக்காரர் என்னைத் தாண்டிப் போகும்போது “என்னுங்க, நடக்கறீங்க?” என்றார். அவரிடம் ‘ங்க’ அப்படியே இருந்தது.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் கோவை மற்ற ஊர்களிலிருந்து மாறுபடுகிறது.

நம் தசை, தின்னும் எரிபொருளில் நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் அசைவாக மாற்றுகிறது. மீதி முக்கால் பங்குக்கு மேல் வெறும் வெப்பம். இதைச் சொன்னபோது பட்டறைக்காரர் முகம் சுளித்தார். “இந்த எஃபிசியன்சில மோட்டார் பண்ணி வித்தா, அடுத்த நாளே கொண்டாந்து வாசல்ல போட்டுட்டுப் போயிருவாங்க.” என் 1,519 கிலோகலோரியில் சுமார் 1,170 வெப்பமாகிறது. உடம்பு அதை வெளியே விடாமல் வைத்துக்கொண்டால், 72 கிலோ மனிதனின் வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி ஏறி 56ஐத் தாண்டும். 41ஐத் தாண்டினாலே ஆபத்து. நம்மைக் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரியைக் கொண்டுபோய்விடும். இரண்டு லிட்டர் ஆவியானால் என் கணக்கு நேராகிவிடும்.

ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். சொட்டும் வியர்வை தண்டம். சென்னையில் ஈரப்பதம் மிகுந்த காலையில் ஓடினால் பனியனைப் பிழியலாம். பிழிகிற அந்தத் தண்ணீரெல்லாம் உடம்பைக் குளிர்விக்காமல் வீணாய்ப் போனது. கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. மேற்கே நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடரில் ஒரு திறப்பு, பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் அந்த வாசல் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. போகிற வழியில் நம் தோலையும் உலர்த்திவிட்டுப் போகிறது.

அந்தக் காற்று இலவசமல்ல. கிரிஃபித் பியூ என்ற உடலியல் அறிஞர் 1953 எவரெஸ்ட் பயணக் குழுவில் இருந்தவர். பிற்பாடு ஓட்டக்காரர்களைக் காற்று வீசும் அறைக்குள் டிரெட்மில்லில் ஓடவிட்டு, எதிர்காற்று எவ்வளவு ஆக்சிஜனைத் தின்கிறது என்று அளந்தார். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். நொடிக்கு 3 மீட்டர் ஓடுகிற நமக்கு, அசையாத காற்றில் அந்தத் தடை மொத்தச் செலவில் இரண்டு சதவீதம் அளவுதான். எதிரே நொடிக்கு 4 மீட்டர் காற்று வந்தால் உடம்பு உணர்வது 7. மூன்றின் இருமடி 9, ஏழின் இருமடி 49. தடை ஐந்து மடங்குக்கு மேல். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளுகிறதே, ஈடாகிவிடாதா? ஆகாது. அங்கே நமக்கு மிச்சமாவது அந்த இரண்டு சதவீதமும் ஒரு சிறு தள்ளலும்தான். போகும்போது பத்து ரூபாய் பறித்துக்கொண்டு, வரும்போது இரண்டு ரூபாய் திருப்பித் தருகிற காற்று. பின்காற்றில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. நாம் ஓடும் வேகமும் பின்னாலிருந்து வீசும் காற்றின் வேகமும் ஒன்றாகிவிட்டால், தோலைப் பொறுத்தவரை காற்றே இல்லை. வியர்வை உலராது. முதுகில் காற்று இருக்கும்போது ஏன் புழுங்குகிறது என்று பேரூர்ச் சாலையில் பல நாள் குழம்பியிருக்கிறேன்.

எதிர்காற்றில் இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சமாகும் என்பதையும் பியூவே அளந்தார். பட்டறைக்காரர் அகலமானவர். ஆடி மாதத்தில் எங்கள் குழுவில் அவருக்கு மவுசு அதிகம்.

வியர்த்தால் குடிக்க வேண்டும் என்பது தெரிந்ததே. அளவுக்கு மேல் குடித்தாலும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. பலர் ஓட்டத்தின்போதே எடை கூடியிருந்தார்கள், அவ்வளவு தண்ணீர் குடித்திருந்தார்கள். வேகமாக ஓடுபவருக்குக் குடிக்க நேரமில்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் மெதுவான ஓட்டக்காரருக்குத்தான் ஒவ்வொரு பந்தலிலும் நின்று குடிக்க அவகாசம். சோடியம் மிகவும் குறைந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நம் ஊரில் விருந்தோம்பல் வேறு சேர்ந்துகொள்கிறது. தண்ணீர்ப் பந்தலில் நிற்கும் அம்மா “இன்னொரு டம்ளர் குடிச்சுட்டுப் போ கண்ணு” என்று நீட்டினால் எப்படி மறுப்பது? தாகத்துக்குக் குடித்தால் போதும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. இந்த இடத்தில் உப்புப் போட்ட நீர்மோர்தான் என் கட்சி.

பந்தயம் முடிந்த பிறகு நடக்கும் பேச்சு தனி ரகம். பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பொங்கலைக் கையில் ஏந்தி, ஆளாளுக்கு ஆய்வறிக்கை வாசிப்பார்கள். அதில் அடிக்கடி கேட்பது, “லாக்டிக் ஆசிட் சேந்துருச்சுங்க, அதான் தொடை புடிக்குது.”

பாவம் லாக்டேட். தவளைத் தசையில் நடந்த ஆய்வுகளுக்காக ஏ.வி. ஹில், ஓட்டோ மெயர்ஹோஃப் இருவரும் 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற காலத்திலிருந்து அதன் மேல் பழி விழுந்துகொண்டே இருக்கிறது. கலிபோர்னியாவின் ஜார்ஜ் புரூக்ஸ் பிற்பாடு அதை எரிபொருள் என்று நிறுவினார். ஒரு தசையில் பிறந்து, ரத்தம் வழியாக இன்னொரு தசைக்கும் இதயத்துக்கும் போய் அங்கே எரிகிறது. ஓடி முடித்த சுமார் ஒரு மணி நேரத்தில் அதன் அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தொடை வலி உச்சத்துக்கு வருவதோ மறுநாளும் அதற்கடுத்த நாளும். குற்றம் நடந்த நேரத்தில் லாக்டேட் ஊரிலேயே இல்லை.

உண்மைக் காரணத்தை வெள்ளியங்கிரி ஏறியவர்களைக் கேட்டால் தெரியும். ஏழு மலை ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் மூங்கில் தடியை ஊன்றியும் தொடை நடுங்கும். மறுநாள் வீட்டுப் படிக்கட்டில் பின்பக்கமாக இறங்க வேண்டியிருக்கும். இறங்கும்போது தொடைத்தசை சுருங்க முயன்றுகொண்டே இழுபடுகிறது. அப்படி இழுபடும்போது தசைநாரின் நுண்ணிய அமைப்புகள் சிதைந்து, அதைச் செப்பனிட அழற்சி தொடங்குகிறது. அந்தச் செப்பனிடலின் சத்தம்தான் வலி. ஓட்டத்தில் ஒவ்வொரு முறை கால் தரையில் விழும்போதும் இதே இழுவை சிறிய அளவில் நடக்கிறது, 21 கிலோமீட்டருக்கு இருபதாயிரம் முறைக்குக் குறையாமல். ஒருமுறை பட்டுத் தேறிய தசைக்கு அடுத்தமுறை இவ்வளவு வலி வராது. மருதமலை அடிவாரச் சரிவில் மாதம் ஓரிருமுறை இறங்கி ஓடுவது அதற்காகத்தான்.

அடுத்த புகார்: “என் வாட்ச்ல 21.4 காட்டுதுங்க. கோர்ஸ் நீளம்.” பொதுவாக வழியின் மேல் குற்றமிருக்காது. முறையாக அளக்கப்படும் வழியைச் சைக்கிள் சக்கரத்தில் பொருத்திய ஜோன்ஸ் கவுன்டர் என்ற எண்ணியால், வளைவுகளை ஒட்டி மிகக் குறுகிய பாதையில் போய் அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 21 மீட்டர், கூட்டியும் வைப்பார்கள். நாமோ மோர்ப் பந்தலுக்கு இடதுபக்கம், தெரிந்தவரைப் பார்த்ததும் வலதுபக்கம் என்று கோலம் போட்டுக்கொண்டு போகிறோம். கடிகாரமும் தன் பங்குக்கு, செயற்கைக்கோள் சொல்லும் புள்ளிகளை இணைத்துத் தூரம் கணக்கிடுகிறது. ஒவ்வொரு புள்ளியும் சில மீட்டர் இப்படி அப்படி விழும். நேர்கோட்டின் மேல் தள்ளாடும் புள்ளிகளை இணைத்தால் கோடு நீளுமே தவிரக் குறையாது.

பிறகு ‘சப் டூ’. இரண்டு மணிக்குள் அரை மாரத்தானை முடிப்பது. கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 நொடி. 1 மணி 59 நிமிடத்துக்கும் 2 மணி 1 நிமிடத்துக்கும் உடலியலில் எந்த வேறுபாடும் இல்லை. பேச்சில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஏறக்குறைய ஒரு கோடி மாரத்தான் முடிவு நேரங்களை அலசி 2017இல் சில பொருளியல் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வரைபடத்தில் 3 மணி, மூன்றரை, 4 மணி என்ற முழு எண்களுக்குச் சற்று முன்னால் கூட்டம் குவிந்திருந்தது. தாண்டியதும் சட்டென்று சரிவு. களைத்துப்போன கால்களில் எங்கோ கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது, வட்ட எண்ணைக் கண்டதும் வெளியே வந்திருக்கிறது. எனக்கு அது வெளிவரவில்லை, 2 மணி 9 நிமிடம். பீட்டர் ரீகல் என்ற பொறியாளர் 1977இல் தந்த சூத்திரம் ஒன்று உண்டு. தூரம் இரட்டித்தால் நேரம் 2.085 மடங்காகும் என்பது அதன் சாரம். அதன்படி சப் டூவுக்கு, 10 கிலோமீட்டரை 54 நிமிடத்தில் ஓடத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அன்று 57. சூத்திரத்தை முதல்நாளே போட்டுப் பார்த்திருந்தால் மேளத்துக்கு மயங்கியிருக்க மாட்டேன்.

இவ்வளவு பேச்சும் கால்களை உண்மையில் ஏதாவது செய்கிறதா? எம்ஐடியைச் சேர்ந்த சினான் அரால், கிறிஸ்டோஸ் நிகோலாய்ட்ஸ் இருவரும் தங்கள் ஓட்டத்தைக் கடிகாரம் வழியாக நண்பர்களோடு பகிர்ந்துகொண்ட சுமார் 11 லட்சம் பேரின் ஐந்தாண்டுப் பதிவுகளை எடுத்தார்கள். ஒரு சிக்கல் இருந்தது. நண்பர்கள் இருவரும் ஓடுகிறார்கள் என்றால் ஒருவர் மற்றவரை ஓடவைத்தாரா, ஓடுகிறவர்களே நண்பர்களானார்களா? அதைப் பிரிக்க அவர்கள் மழையைப் பிடித்தார்கள். நண்பரின் ஊரில் வானம் வெளுத்திருந்தால் அவர் கூடுதலாக ஓடுவார். என் ஊர் வானிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த நாளில் நானும் கூடுதலாக ஓடினால் அது நண்பர் செய்த வேலை. நண்பர்கள் ஒரு கிலோமீட்டர் கூட ஓடினால் நாம் அதே நாளில் 300 மீட்டர் கூட ஓடுகிறோம் என்று விடை வந்தது.

எங்கள் அனுபவமும் அதுதான். கோவை மழை மறைவுப் பகுதியில் இருக்கும் ஊர். மற்ற ஊர்கள் நனைகிற நாளிலும் இங்கே பல காலைகள் உலர்ந்தே விடியும். சென்னையில் மழை கொட்டும் காலையில் நாங்கள் போடும் ரேஸ்கோர்ஸ் படங்களுக்கு அங்கிருந்து வசவு வரும், மாலையில் அவர்களின் ஓட்டக் கணக்கும் வரும். நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடிய அரசியல்வாதி மா. சுப்பிரமணியன் போன்றவர்களால் ஓடத் தொடங்கியவர்களும் உண்டு. ஆனால் அந்த ஆய்வின் இன்னொரு முடிவு பெரிய பெயர்களைப் பற்றியதல்ல. குறைவாக ஓடுபவர்கள் மிகுதியாக ஓடுபவர்களைத் தூண்டினார்கள், மறுதிசையில் அவ்வளவாக நடக்கவில்லை. பின்னால் வருகிறவரின் காலடிச் சத்தம் போல. ஆண்களை ஆண்களும் பெண்களும் தூண்டினார்கள், பெண்களைப் பெண்கள் மட்டும். ரேஸ்கோர்ஸில் ஐந்தரை மணிக்கு வரும் பெண்கள் குழு இரண்டு ஆண்டில் நாலு பேரிலிருந்து இருபதைத் தாண்டியதைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இது வியப்பில்லை. நாங்கள் கொடுத்த அறிவுரை எதையும் அவர்கள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

போன ஆனி மாதத்தில் ஒரு நாள். ஜன்னலுக்கு வெளியே சாரல். எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டேன். ஆறு மணிக்கு போன் ஒளிர்ந்தது. தை மாதத்தில் எங்களோடு சேர்ந்த ஒருவர், ஐம்பத்தெட்டு வயது, ஆரம்பத்தில் இரண்டு மின்கம்பத்துக்கு மேல் ஓட முடியாதவர். சிங்காநல்லூர்ப் பக்கம் நனைந்துகொண்டே ஓடியிருக்கிறார். “3.1 கி.மீ. 27 நிமிஷம். நிக்காம ஓடிட்டனுங்க.” கீழே நீர் சொட்டும் மூக்குக்கண்ணாடியோடு ஒரு படம்.

ஷூவைத் தேடினேன். இடதுகால் ஷூவுக்குள் முந்தின நாள் திணித்த செய்தித்தாள் இன்னும் ஈரமாகவே இருந்தது. உருவிப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். இரண்டு ரவுண்டு. திரும்பி வந்து 5.02 என்று பதிந்த மறுநிமிடம் பட்டறைக்காரரிடமிருந்து கேள்வி வந்தது.

“‘ங்க’ இருந்துச்சுங்களா?”

“கடைசி முக்கா ரவுண்டு இல்ல” என்று அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், இதிலும் இல்லை.